கரும்புத் தோட்டத்துப் பாடகியும் தேயிலைமலைப் பாட்டுக்காரரும்

(வானொலி இலக்கிய உரைத்தொடரில், இறம்பொடையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பிடித்தமான பாடகர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இலக்கியத் தொடரிலே பாடகர்களுக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மலையகத்துக்காரனுக்கு அந்தக் கேள்வி எழாது. எங்கள் மண்ணில் எழுதப்பட்ட இலக்கியத்தைவிடப் பாடப்பட்ட இலக்கியமே மூத்தது. பெருவிரல் அடையாளம் வைத்துச் சம்பளம் வாங்கிய மனிதர்கள், தங்கள் கணக்கைப் பாட்டிலேதான் எழுதி வைத்தார்கள்.

ஆனால் நான் முதலிற் சொல்லப்போகும் பெயர் மலையகப் பெயரும் அல்ல, தமிழ்ப் பெயரும் அல்ல. பும்புவாங் துவாங்ஜான் என்று ஒரு தாய்லாந்துப் பாடகி. நுவரெலியாவில் புடைவைக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் சரக்கெடுக்கப் பாங்கொக் போய் வருவார். தொண்ணூறுகளில் ஒருமுறை அவர் கொண்டுவந்த ஒலிநாடாக்களில் அந்தக் குரல் இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்றாலும் அந்தக் குரல் இழுபட்டு, ஓரிடத்தில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மேலெழும் விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. யார் இவர் என்று விசாரிக்கத் தொடங்கினேன். அந்த விசாரணை இன்றுவரை முடியவில்லை.

இவர் 1961ஆம் ஆண்டு பிறந்தவர். தாய்லாந்தின் மத்திய சமவெளியில், சுபன்புரி மாகாணத்திலே வளர்ந்தவர். பெரிய குடும்பம், கரும்புத் தோட்டத்தில் கூலிவேலை. அவரும் சிறுவயதிலேயே கரும்பு வெட்டப் போனார். பள்ளிக்கூடப் படிப்பு பெயருக்குத்தான். எழுதவோ வாசிக்கவோ தெரியாது. பாடலாசிரியர் எழுதிக் கொடுப்பதை இன்னொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். அதைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன்னால் நிற்பார். பதினைந்து வயதளவில் ஊர்சுற்றும் பாட்டுக்கோஷ்டி ஒன்றிலே சேர்ந்தார். எண்பதுகளில் அந்த நாட்டிலே அவர் பாட்டு ஒலிக்காத பஸ் இல்லை, சந்தை இல்லை என்னும் நிலை வந்தது. 1992 ஜூன் மாதம், லூபஸ் என்கிற நோயினால், 30 வயதில் இறந்துபோனார். சுபன்புரியில் தப் கிரதான் என்னும் பௌத்த விகாரையிலே அவருக்குச் சிலைகள் உண்டு. உடுப்பும் ஒப்பனைச் சாமான்களும் காணிக்கை வைத்து, லொத்தர் இலக்கம் கேட்டு ஜனங்கள் கும்பிடுகிறார்கள். நமது சிறுதெய்வங்களும் இப்படித்தானே உருவாகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 2011இல் அவருடைய வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது.

அவர் பாடிய வகைக்கு லூக் துங் என்று பெயர். ‘வயலின் பிள்ளை’ என்று பொருள். உடனே ‘நாட்டுப்பாடல்’ என்று நாம் மொழிபெயர்த்துவிடுவோம். அங்கேதான் கவனம் வேண்டும். நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இல்லை, பாடகருக்குப் பெயர் இல்லை. லூக் துங்குக்கு எல்லாம் உண்டு. பாட்டை ஒருவர் எழுதுவார், ஒருவர் இசையமைப்பார். ஊதுகருவிகளும் கிற்றாரும் சேர்ந்த பெரிய வாத்தியக் குழு இருக்கும். பின்னால் ஐம்பது பேர்கூட வரிசையாக நின்று ஆடுவார்கள். லொறியிலே மேடையைக் கட்டிக்கொண்டு மாகாணம் மாகாணமாகப் போவார்கள். லூக் துங் என்ற அந்தப் பெயரே 1964இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியினால்தான் பரவியது. அதன் முதல் பெரிய நட்சத்திரம் சுரபோன் சொம்பட்சரோன் என்பவர். 1968இல் ஒரு மேடை நிகழ்ச்சி முடிந்து புறப்படும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயலை விட்டு நகரத்துக்குப் போன பையன், நகரத்துக்குப் போய்த் திரும்பி வராத பெண், கடன், மழை, ரயில் நிலையம்: இவைதான் அந்தப் பாட்டுகளின் விஷயங்கள். கேட்டவர்கள் யார்? வடகிழக்கு வறட்சி நிலங்களிலிருந்து பாங்கொக்குக்கு வந்து டக்ஸி ஓட்டியவர்கள், தொழிற்சாலைக்குப் போனவர்கள், வீட்டுவேலை செய்த பெண்கள். அவர்கள் கையிலே கொஞ்சம் காசு இருந்தது. அந்தக் காசில் ஒலிநாடா வாங்கினார்கள். பும்புவாங்கைப் பெரிய பாடகியாக்கியது அந்தச் சில்லறைக் காசு.

அதே நாட்டில் இன்னொரு வகையும் உண்டு. ‘வாழ்வுக்கான பாடல்’ என்பார்கள். 1973 ஒக்டோபர் மாணவர் எழுச்சியை ஒட்டித் தோன்றியது. கரவான் என்னும் குழுவினர் உழவனையும் எருமையையும் பாடினார்கள். 1976 ஒக்டோபரில் மாணவர்கள் கொல்லப்பட்ட பிறகு காட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள். 1981இல் கரபாவ் என்ற குழு வந்தது. அந்தச் சொல்லுக்கும் எருமை என்றுதான் அர்த்தம். 1984இல் ‘மேட் இன் தாய்லாந்து’ என்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். உள்ளூரிலே செய்த சாமானுக்கு வெளிநாட்டு முத்திரை குத்தி, அதையே பெருமையாக வாங்கிப்போகும் தம் நாட்டவரைக் கிண்டல் செய்யும் பாட்டு. நல்ல பாட்டு. ஆனாலும் எனக்குக் கரபாவைவிடப் பும்புவாங்கைத்தான் பிடிக்கும். கரபாவ் உழைப்பாளிக்காகப் பாடினார்கள். பும்புவாங் தானே உழைத்தவள். அவள் காதலைப் பாடினாலும் அதிலே கரும்புத் தோகையின் கீறல் இருக்கும்.

இறம்பொடைக்காரன் ஒருவன் இதையெல்லாம் ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கொரு கேள்வி உண்டு. கரும்பு வெட்டிய பிள்ளை தாய்லாந்தின் பாடகியானாள். கொழுந்து பறித்த எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி ஏன் இந்த நாட்டின் பாடகியாகவில்லை?

பாட்டுக் கேட்காத சனங்கள் அல்ல நாங்கள். புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், அருவிகள் விழும் மடிப்பில் இருக்கிறது எங்கள் ஊர். கீழே கொத்மலை, மேலே லபுக்கலை. நாலு பக்கமும் மலை மறித்து நிற்பதால் ரேடியோ லேசிலே எடுபடாது. லயத்துக் கூரைத் தகரத்தின்மேல் கம்பி இழுத்து, அதன் நுனியை முருங்கை மரத்திலோ சவுக்கு மரத்திலோ கட்டுவார்கள். ஒரு லயத்தில் ஒரு ரேடியோ இருந்தால் பன்னிரண்டு காம்பராவுக்கும் அது போதும். இஸ்தோப்பிலே அதை வைத்துவிட்டால், அடுப்படியில் ரொட்டி தட்டுகின்றவளும் கேட்கலாம், வாசலில் கவ்வாத்துக் கத்தி தீட்டுகின்றவரும் கேட்கலாம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்களுக்கு உறவினர் குரல்கள் மாதிரி.

அந்த ரேடியோவில்தான் தமிழ்ப் பொப் பாடல் எங்களிடம் வந்தது. அறுபதுகளின் பின்பகுதியிலே நித்தி கனகரத்தினம் கிற்றாரை எடுத்துக்கொண்டு ‘சின்ன மாமியே’ பாடினார். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர், விவசாயம் படித்தவர், பின்னாளில் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் ஒரு பையனின் குறும்பு, அவ்வளவுதான் பாட்டு. ஆனால் அதுவரை மேடையிலும் வானொலியிலும் நாங்கள் கேட்ட தமிழ், கோடம்பாக்கத்துத் தமிழ். முதன்முறையாக இந்த நாட்டுத் தமிழன் ஒருவன் தான் வீட்டிலே பேசும் பேச்சில் பாடினான். அவருடைய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ தோட்டங்களில் பெற்ற வரவேற்பைச் சொல்லி மாளாது. சம்பள நாளில் அந்தப் பாட்டு ஒலிபரப்பானால் பெண்கள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு விமர்சனம் தேவையில்லை.

பிறகு ஏ.ஈ.மனோகரன் வந்தார். தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்றார்கள். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவருக்குப் பொருந்தியது. பைலாவின் துள்ளலைத் தமிழுக்குள் அவரைப்போல இறக்கியவர் இல்லை. பைலா போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. காப்பிரிகளிடமும் பறங்கியரிடமும் தங்கி, வொலி பஸ்தியன்ஸ் என்ற பொலிஸ்காரர் கையில் சிங்களப் பாட்டாகி, தெருவுக்கு வந்தது. மனோகரன் ‘சுராங்கனி’யைச் சிங்களமும் தமிழுமாகப் பாடினார். 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் அது சேர்ந்தது. அந்தப் பாட்டு ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் கடற்கரைப் பாட்டு. நெத்தலிக் கருவாட்டைத் தவிர வேறு கடலைக் காணாத எங்கள் பையன்கள், ஆறாயிரம் அடி உயரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு, கல்யாண வீட்டிலே அதைப் பாடி ஆடினார்கள். தோட்டத்துக்கு ஒரு மனோகரன் இருந்தான். தலைமயிரை வளர்த்து, அகலக் கால்சட்டை தைத்து, ஒலிவாங்கி கிடைக்காத இடத்தில் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பாடுவான். உண்மை மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது, அந்தத் தோட்டத்து மனோகரன்களில் பலர் பேரப்பிள்ளைகள் கண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் முற்பகுதியில் இந்தியாவிலிருந்து வருகின்ற பலவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. உள்ளூர்ப் பொப் பாடல், உள்ளூர்த் தமிழ்ப்படம் என்று பலதும் முளைத்தன. மலையகத்தை வைத்து வி.பி.கணேசன் ‘புதிய காற்று’ படத்தை 1975இல் எடுத்தார். தெளிவத்தை ஜோசப் அதற்குக் கதை வசனம் எழுதினார். படம் வந்தது, ஆனால் மலையகப் பாடகர் என்று சொல்ல ஒருவர் அந்த அலையில் எழும்பவில்லை.

சிங்களத்தில் நடந்ததைப் பாருங்கள். கிற்றார் வைத்துப் பாடும் சிங்கள இசைக்குழுக்களின் தகப்பன் என்று கிளரன்ஸ் விஜேவர்த்தனவைச் சொல்வார்கள். 1966 அளவில் மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர். 1943இல் அவர் பிறந்தது எங்கே தெரியுமா? ஹப்புத்தளையில். ஆக, தேயிலை மலைக்காற்றில் பொப் பாடல் முளைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. லயத்துக் காம்பராவிலிருந்து அது முளைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

லயத்திலே பாட்டுக்காரர் இருக்கவில்லையா? இருந்தார்கள். கோ.நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மையைச் சொல்ல வேண்டும். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்து, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர் நடேசய்யர். கூட்டத்தில் முதலில் அம்மை பாடுவார். பிறகுதான் அய்யர் பேசுவார். அன்றைய நாடக மெட்டும் சினிமா மெட்டும்தான். சொற்கள் மட்டும் பெரட்டுக்களத்துச் சொற்கள். தோட்டத்துக்குள்ளே வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடக்கூடிய காலத்தில் ஒரு பெண் நின்று பாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள். 1940இல் அந்தப் பாட்டுகளைச் சிறு நூலாகவும் அச்சிட்டார். சாரல்நாடன் தேடி எழுதியிராவிட்டால் இன்று எங்களுக்கு அந்தப் பெயர்கூடத் தெரிந்திராது. பாட்டு அச்சில் இருக்கிறது. குரல் இல்லை. இசைத்தட்டுக் கம்பனிக்காரர் எவரும் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வரவில்லை.

அவருக்குப் பின்னும் பாட்டுப் புத்தகம் விற்றுத் திரிந்த கவிஞர்கள் இருந்தார்கள். சந்தையிலும், கோச்சியிலும், சம்பள நாளில் கடைவீதியிலும் நின்று பாடுவார்கள். தோட்டத்தில் நடந்த கொலை, வெள்ளம், மண்சரிவு, பிரஜாவுரிமை என்று எல்லாம் பாட்டாகும். நாலு பக்கப் புத்தகம், சில சதம். லூக் துங்குக்கு இதைவிட நல்ல விதை எங்கே கிடைக்கும்? பாட்டு எழுதியவன் பெயர் அட்டையிலே உண்டு, மெட்டுத் தெரிந்த மெட்டு, வாங்குகின்றவன் தொழிலாளி. ஆனால் அந்த விதை வளரவில்லை.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோடம்பாக்கத்தின் நிழல் பெரியது என்பது முதற் காரணம். தாய்லாந்துக்காரனுக்கு அவன் மொழியில் பாட அவன் நாடுதான் உண்டு. எங்கள் மொழியில் பாடக் கடலுக்கு அப்பால் ஒரு மகாசமுத்திரம் இருந்தது. டி.எம்.சௌந்தரராஜன் குரல் ரேடியோவில் இலவசமாகக் கிடைக்கும்போது, தலவாக்கலைப் பாட்டுக்காரன் பாட்டைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? அடுத்தது நேரம். வானொலியில் குரற் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். விடிய ஆறு மணிக்குப் பெரட்டிலே பேர் கொடுக்கின்றவளுக்கு இரண்டு நாட் பேர் போனால் அந்தக் கிழமை அரிசி குறையும். குரல் நல்ல குரலா என்று பரீட்சிக்க எவரும் மலைக்கு வரவில்லை.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எங்கள் இசையின் முதுகெலும்பு தப்பு. மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறதென்றால் தப்புச் சத்தத்தில்தான் மலை எழும்பும். காமன் கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் பாடும் தப்புக்காரரின் கையிலுள்ள தாளக்கட்டை எந்த மேடைக்கும் கொண்டுபோகலாம். ஆனால் தப்பு அடிப்பவன் இன்ன சாதி என்று முத்திரை குத்தி வைத்தோம். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் அவன் வேண்டும். வாசற்படிக்கு மேலே அவன் வேண்டாம். படித்த பிள்ளைகள் அதைத் தொட வெட்கப்பட்டார்கள். அடிக்கப் பிறந்தவர்களின் பிள்ளைகள், அடித்தால் அந்த முத்திரை தங்கள் மேலும் விழும் என்று விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதற்கிடையில் நாங்கள் எழுத்துக்காரர்கள் என்ன செய்தோம்? பாட்டைச் சேகரித்தோம். சேகரித்தது பெரிய காரியம். மடக்கொம்பரையில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எங்களுக்கு வேதம் மாதிரி. ஆனால் சேகரிக்கும்போது ‘மக்கள் பாடல்’ என்று பெயரிட்டுப் பாடியவளின் பெயரை விட்டுவிடுவது இந்தத் துறையின் வழக்கம். பொப் பாடகனுக்கு முகம் உண்டு, பட்டம் உண்டு. எங்கள் பாட்டுக்காரிக்குத் தொகுப்பிலே பக்க எண் மட்டும் உண்டு.

நேயர்களே, தோட்டத்துப் பாட்டு பெரும் இசையாக மாறிய இடம் ஒன்று உண்டு. அது இலங்கையில் அல்ல, கேரளத்துத் தேவிகுளத்தில். மூணாறு, தேவிகுளம் மலைகளில் எங்களைப்போலவே தமிழ்த் தொழிலாளிகள் தேயிலை பறிக்கிறார்கள். 1958இல் அங்கே ஓர் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராசன் என்பவர் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பாடினார். தெரிந்த சினிமா மெட்டு, தொழிலாளியின் சொல். மீனாட்சி அம்மை எங்கள் மலையில் செய்த அதே காரியம். ரோசம்மா வென்றார், அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டென்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கோஷ்டியில் அண்ணனோடு கூடித் திரிந்து மேடை பழகிய சின்னப் பையன்தான் பின்னாளில் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்து, அந்தப் பாட்டுகள் இறம்பொடை லயத்து ரேடியோவில் ஒலித்தபோது, கிழவிகள் ஒரு விஷயம் சொன்னார்கள்: இது நம்ம பாட்டு மாதிரி இருக்கு என்று. தாலாட்டும் நாற்று நடவும் கேட்ட காதுகளுக்கு அது தெரியாமற் போகுமா? அண்ணனுக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது, மேடை இருந்தது, தம்பிமார் இருந்தார்கள், கோடம்பாக்கத்துக்குப் போக ஒரு ரயில் இருந்தது.

எங்கள் ரயில் வேறு திசையில் ஓடியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆளைக் கேட்காமல் எழுதிய கணக்கு. கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். நிலையத்தில் ஒப்பாரிதான். போனவர்களோடு கும்மி கட்டியவர்கள் போனார்கள், காமன் கூத்து வாத்தியார்கள் போனார்கள், பாட்டுப் புத்தகக்காரர் போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரதி வேஷமும் மதன் வேஷமும் ஒரே வருஷத்தில் கப்பலேறிவிட்டன. கூத்து மூன்று வருஷம் நின்றுபோனது. ஆவணங்களில் இதற்கு ஒரு பந்தி இல்லை. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்கள் அங்கேயும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி வள்ளியம்மாள். இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் அவருடைய பேரனே உலகத்துக்குச் சொல்லிவிட்டார். அந்தப் பேரன் அறிவு, அரக்கோணத்துக்காரர், ராப் பாடகர். பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பியவர். அந்தப் பாட்டியின் கதைகளிலிருந்து பிறந்ததுதான் ‘எஞ்சாயி எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வெளிவந்தது. அறிவோடு தீ என்னும் பாடகி சேர்ந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. சில வாரங்களுக்குள் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதில் ஒப்பாரியின் இழுவை இருக்கிறது. நிலத்தைப் பண்படுத்தியவனுக்கு நிலம் இல்லாமற் போன கதை இருக்கிறது. நான் அதை முதலில் கேட்டது என் பேத்தியின் கைத்தொலைபேசியில். அவள் ஆடினாள். நான் தலைமன்னாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பாட்டுக்கும் பெயர்த் தகராறு வந்தது. 2021 ஓகஸ்டில் ஓர் ஆங்கில இசைச் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவின் படத்தைப் போடாமல் மற்றவர்களைப் போட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு அவருக்கென்று ஓர் அட்டை வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டுப் பாடப்பட்டது. பாட்டு யாருடையது என்று பகிரங்கமாகவே விவாதித்தார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல இங்கிருந்து என்னால் முடியாது. எனக்குப் பட்டது வேறு. முதன்முதலாகத் தோட்டத்திலிருந்து போன ஒருத்தியின் கதை உலகப் பாட்டாக வந்தபோதும், முதலில் தவறிப்போவது பெயர்தான். மீனாட்சி அம்மைக்கு நடந்ததும் அதுதான்.

பும்புவாங்குக்கு அது நடக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணின் பெயரை ஒலிநாடா உறையில் பெரிய எழுத்தில் அச்சிட்டார்கள். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது, வாங்கியவர்களுக்குத் தெரிந்தது. துவாங்ஜான் என்றால் நிலவு. கரும்புக் கூலிக்காரர்கள் தங்களில் ஒருத்தியை நிலவு என்று கூப்பிட்டுப் பணம் கட்டி வளர்த்தார்கள்.

எங்கள் பக்கத்திலும் கொஞ்சம் மாறிவருகிறது. 2023இல், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று நினைவுகூர்ந்த அதே வருஷத்தில், புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சிறுமி சென்னைக்குப் போய் ஜீ தமிழ் ‘சரிகமப’ மேடையில் பாடினாள். சின்னப் பிள்ளை, பெயரை நான் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும். அவள் பாடிய இரவுகளில் எங்கள் லயங்களில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால். அவள் பாடியவை சினிமாப் பாட்டுகள். போட்டியின் விதி அப்படி. குரல் மட்டும் எங்கள் குரல். அது பனியில் நனைந்து, கொழுந்துக் கூடைக்குப் பின்னாலிருந்து வரும் குரல் என்பது தெரிந்த காதுக்குத் தெரியும். அவளுக்கென்று ஒரு பாட்டை, தேயிலையைத் தெரிந்த ஒருவர் எழுதி, தப்புக்காரர் ஒருவர் தாளம் கட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கொரு ஆசை. எழுதக்கூடிய இளைஞர்கள் ஹட்டனிலும் இருக்கிறார்கள், பதுளையிலும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம் என்கிறான் என் மகன். கொழும்புக்கு இரண்டு நாட் பேர் போக்கிப் போகத் தேவையில்லையாம்.

வயதான நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் கும்மிக்கு முன்பாட்டுப் பாடியவர், காமன் கூத்துக்குத் தப்படித்தவர், கோச்சியில் பாட்டுப் புத்தகம் விற்றவர் யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாட்டு ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் இறம்பொடைப் பக்கத்தில் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினேழு பெயர். அதில் பதினொரு பேர் பெண்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள்.